பொட்டுக் கலையாத முகம்

உலகப் பெண்கள் அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டி அந்த வருஷம் சென்னையில் நடந்தது. அரையிறுதியின் இரண்டாம் சுற்றில் எதிராளி தலையால் முட்டியதில் தவமணியின் புருவம் பிளந்துவிட்டது. பயிற்சியாளர் லூர்துமேரி அவளை மூலையில் உட்காரவைத்துத் துண்டால் அழுத்தினாள். துண்டு ஊறி, ரத்தம் லூர்துமேரியின் முழங்கை வரை வழிந்தது.

அரங்கத்தின் பெரிய திரையிலோ தவமணி பொட்டுக் கலையாமல் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சியாம். படத்தில் ரத்தத்தை உடனுக்குடன் அழித்துவிடுகிறார்கள். இந்த முறை ஒரு க்ரீம் கம்பெனி செலவில் எல்லார் முகத்திலும் சிரிப்பு வேறு.

லூர்துமேரி தலைமை நடுவரின் மேசைக்கு ஓடினாள். "முட்டிட்டா சார்! கண்ணுக்குள்ள ரத்தம் எறங்குது, டாக்டரக் கூப்புடு!"

அவர் பதிவை ஓட்டிப் பார்த்தார். "காயமே இல்லியேம்மா. பொண்ணு சிரிக்குதே."

"அத்த வுடு சார். தோ, பத்தடில குந்தினுகீது. திரும்பிப் பாரு!"

"நேர்ல பாத்து முடிவு சொல்லக் கூடாதும்மா. அதான் விதி."

லூர்துமேரி கையிலிருந்த துண்டை அவர்மேல் வீசியெறிந்தாள். அது சொத்தென்று நெஞ்சில் விழுந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பாகிவிட்டது. பதறி எழுந்தவர் குனிந்து சட்டையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து திரையைப் பார்த்தார். அங்கே சலவை மடிப்புக் கலையாத சட்டையில் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நிம்மதியாக உட்கார்ந்து, மூன்றாம் சுற்றுக்கு மணியை அடித்தார்.