எமில் வீட்டு வாசலில் மட்டும்

எமில் வாசிலிக் கதவைத் திறந்து பார்த்தார். வந்த கோபத்தில் மைனஸ் முப்பத்தெட்டுக் குளிர்கூட அவருக்கு உறைக்கவில்லை.

தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் கார் வெளியே வர வழி பளிச்சென்று இருந்தது. இவர் வீட்டில் மட்டும், கார் இறங்கும் இடத்தை மறித்து இடுப்பு உயரத்துக்குப் பனி. இன்றோடு ஒன்பது நாள்.

தெருப்பனியை அள்ளும் லோடர் வண்டி தள்ளிவிட்ட பனி இந்தக் குளிரில் அரை மணி நேரத்தில் சிமெண்ட் மாதிரி இறுகிப்போகும். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் மண்வெட்டிதான் உடையும். நேற்று ஒன்று உடைந்தது.

நகராட்சி லோடரை ஓட்டுகிறவள் ரோண்டா. நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றும் குட்டி வண்டி அது. மனசு வைத்தால் அந்தப் பனியை நாலு வாளியில் அள்ளி ஓரம் கட்டிவிடலாம். மனசு வைக்க மாட்டேன் என்கிறாளே, அதுதான் எமிலுக்கு வயிற்றெரிச்சல்.

அவள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் விறுவிறுவென்று போய் லோடருக்குக் குறுக்கே நின்றுகொண்டார். என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கு என்றார்.

"இந்தக் குளிர்ல அணைச்சா மறுபடி கிளம்பாது, எமில். அப்படியே சொல்லுங்க, கேக்குது."

சொன்னார். வாயிலிருந்து வந்த ஆவி மீசையில் உறைய உறையச் சொன்னார். நாற்பது வருஷம் கோதுமை லாரி ஓட்டியவன் சொந்த வீட்டில் கைதி மாதிரிக் கிடக்கிறேன், கூட்டாளிகளோடு காலைக் காபி குடித்து ஒன்பது நாளாச்சு, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன் என்று கேட்டார்.

"போன ஞாயித்துக்கிழமை என் பொண்டாட்டி ஐரீன் சர்ச்சுக்கு நடந்து போனா, தெரியுமா? எழுபத்தோரு வயசு அவளுக்கு. உனக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

ரோண்டா கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஆபீஸ்ல புகார் குடுத்துக்கங்க" என்றாள். அவ்வளவுதான். வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போயே விட்டாள்.

திமிரைப் பார் திமிரை! இதை விடக்கூடாது என்று எமில் சாட்சிக்கு ஆள் கூப்பிடப் போனார். பக்கத்து வீட்டு ஃப்ரீசனைக் கூப்பிட்டார். அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, வேலைக்கு நேரமாச்சு என்று நழுவிவிட்டான். எதிர்வீட்டுக்காரிக்குத் தலைவலி. அதற்கடுத்த வீட்டில் கதவையே திறக்கவில்லை. தன் வாசல் திறந்திருந்தால் போதும், அடுத்தவன் எக்கேடு கெட்டால் என்ன! இவர்களோடா முப்பது வருஷம் பழகினோம் என்று நொந்துகொண்டே, தனியாகவே நடந்து நகராட்சி ஆபீசுக்குப் போனார்.

அங்கே கிளார்க் கோலீன் அவரை உட்கார வைத்துச் சூடாகக் காபி கொடுத்தாள். எமில் மேஜையைக் குத்திக் குத்திப் பேசினார். ரோண்டாவை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்றார். தெருக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை.

கோலீன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"ஏற்கெனவே ஒரு மனு வந்திருக்கு, எமில். உங்க வாசலைப் பத்தித்தான். தெருவே கையெழுத்துப் போட்டிருக்கு."

எமிலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடடா, இதனால்தான் ஒருத்தரும் கூட வரவில்லையா? இவர்களைப் போய் வாய்க்கு வந்தபடி திட்டினேனே!

காகிதத்தை வாங்கி மூக்கில் இடிக்கிற மாதிரிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தும் பார்த்தார்.

"என்ன விளக்கு போட்டிருக்கீங்க இந்த ஆபீஸ்ல? நீயே படி" என்று திருப்பிக் கொடுத்தார்.

கோலீன் தணிந்த குரலில் படித்தாள்.

"எமிலுக்குக் கண் மங்கிவிட்டது. ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். மூன்றாம் தேதி காலை, ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்ற ஃப்ரீசன் வீட்டுப் பிள்ளைகள் மேல் காரை ஏற்ற இருந்தார். பெரியவள் தம்பியை இழுத்திராவிட்டால் அவன் இன்று இல்லை. நடந்தது அவருக்குத் தெரியவே இல்லை. போலீசுக்குச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும், அந்த அவமானத்தை அவர் தாங்க மாட்டார். அதனால் கார் வெளியே வராதபடி அவர் வாசலை மட்டும் தினமும் பனி போட்டு அடைத்துவிடுங்கள். அவரிடம் திட்டு வாங்கிக்கொள்ள ரோண்டா சம்மதித்திருக்கிறாள்."

எமில் காபிக் கோப்பையை மேஜையில் வைத்தார்.

"யாரு எழுதினது?"

"ஐரீன்" என்றாள் கோலீன். "எல்லா வீட்டுக்கும் அவங்களே போய்க் கையெழுத்து வாங்கிட்டு, இங்க நடந்தே வந்து குடுத்தாங்க."