மெசின் வந்த பெட்டி

"சனிக்கிழமை வரைக்கும் நீ இந்த மெசினைத் தொடக்கூடாது."

முதலாளி துரைசிங்கம் இப்படிச் சொன்னது யார்கிட்டன்னு நினைக்கிறீங்க? பத்துமலை அண்ணன்கிட்ட. பிறவியிலேயே கண்ணு தெரியாத மனுசன். ஈப்போவுல எங்க கேசட் கடை மாடியில பாட்டுப் பதியிற வேலை முழுக்க அவர் கையிலதான் இருந்துச்சு. கோயில் பஜனையோ கல்யாணப் பாட்டோ, பழைய மெசின்ல இருந்த ரெண்டு குமிழை வச்சுக்கிட்டே அழகா பதிஞ்சு கொடுப்பார்.

இப்ப சிங்கப்பூர்லேருந்து புதுசு வந்திருந்துச்சு. நாலு பேர் பாட்டைத் தனித்தனியா பதிஞ்சு ஒண்ணா சேர்க்குமாம். மேல வரிசை வரிசையா குமிழ், எல்லாம் ஒரே அளவு, ஒரே வழுவழுப்பு. எது எதுக்குன்னு பக்கத்துல எழுதியிருக்கு. எழுதி அண்ணனுக்கு என்ன புண்ணியம்?

"இந்தப் பெட்டியை எறியாதை பிள்ளை" என்று மெசின் வந்த அட்டைப்பெட்டியையும் என் கல்லாவுக்குப் பின்னால வச்சுட்டார் முதலாளி. எனக்குக் கால் நீட்ட இடமில்ல.

வயித்தெரிச்சலா இருந்துச்சு. முதலாளி செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துல கணக்கெழுதி ஆளுங்களை அதட்டுற கிராணியா இருந்தவர். அண்ணனோட அப்பா அங்கதான் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தார். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தாலும் கிராணி புத்தி போகுமா?

"அந்தப் பெட்டி என் சாமான் கட்டத்தான் நவமணி" என்று அண்ணன் சிரிச்சார். விரல் மட்டும் சட்டை நுனியை முறுக்கிக்கிட்டே இருந்துச்சு. "இந்த வேலை போனா, மறுபடி கூடை பின்னத்தான் போவணும்."

"சும்மா இருங்கண்ணே."

அதுக்கப்புறம் தினம் ஒரு கூத்து. அண்ணன் மத்தியானம் மாக்கான் சாப்பிடப் போனதும் முதலாளி மாடி ஏறுவார். கதவைச் சாத்தி லைட்டை அணைச்சிடுவார். இறங்கி வரும்போது மேலெல்லாம் பஞ்சர் ஒட்டுற கோந்து வாடை அடிக்கும். வீட்டுல ஒரு சைக்கிள்கூட இல்லாத மனுசன்!

வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்கல. அண்ணனுக்காக ரெண்டு வார்த்தை நறுக்குன்னு கேட்டுடணும்னு மாடிக்குப் போனேன். கதவைத் தள்ளி லைட்டைப் போட்டேன்.

மெசின் முன்னால முதலாளி கண்ணு கூச உட்கார்ந்திருந்தார். ரெண்டு குமிழ் மேல அரிசி ஒட்டியிருந்துச்சு. ஒண்ணுல தீக்குச்சித் துண்டு. இன்னொண்ணுல சைக்கிள் டியூப்பைப் பொட்டு மாதிரி வெட்டி ஒட்டியிருந்தார்.

"லைட்டை நிப்பாட்டு பிள்ளை."

"இருட்டுல என்னங்கையா பண்றீங்க?"

"கண்ணைத் திறந்துகொண்டு ஒட்டினா, கண்ணுக்குத்தான் சரியா இருக்கு. விரலுக்கு ஒண்டும் விளங்கேல்லை. எத்தினை தரம் பிய்ச்சு ஒட்டிப்போட்டன்."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லிப்போட்டுச் சரிவராட்டி? அவனுக்கு ஆசையைக் காட்டி ஏமாத்தவோ?"

"அவர் விரலுக்கு எது சரின்னு அவரையே கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்லா."

முதலாளி கோந்துக் குழாயை மூடினார். அதுக்குள்ள படியில அண்ணன் ஏறி வர்ற சத்தம் கேட்டுச்சு.

"பத்துமலை, இஞ்ச வா. இதைத் தொட்டுப் பார்."

அண்ணன் தயங்கித் தயங்கிக் கையை வச்சார். விரல் ஒரு குமிழ்ல நின்னுச்சு, அடுத்ததுக்குப் போச்சு, திரும்பி வந்துச்சு. முகம் மெல்ல மாறுறதை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

"ஐயா, இந்த அரிசியும் அந்த அரிசியும் ஒரே மாதிரி இருக்கு. ஒண்ணை எடுத்துடுங்க."

முதலாளி உடனே நகத்தால சுரண்டி எடுத்துட்டு, எந்தக் குமிழ் எதுக்குன்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கொடுத்தார். "சத்தம் கூடினா மெசின்ர மீட்டர் ஊசி ஆடும். அதை எப்படிப் பார்ப்பாய்?"

"ஊசி எதுக்குங்கையா? சத்தம் கூடுனா கரகரன்னு கேக்கும், காதே சொல்லிடும். நவமணி, மைக்ல ஏதாச்சும் பேசு."

எனக்கு ஒண்ணும் தோணல. "அண்ணே, சாப்டீங்களா?"ன்னேன்.

அவர் ஒரு குமிழைத் திருகி, இன்னொண்ணை அழுத்தி, டேப்பைச் சுத்தி ஓடவிட்டார். என் குரல் கணீர்னு வந்துச்சு. அண்ணே, சாப்டீங்களா?

"சாப்டேன்மா" என்றார் அண்ணன். கண்ணுலேருந்து தண்ணி இறங்கிச்சு. முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார்.

எனக்கு அப்பவும் வாய் சும்மா இருக்கல. "ஐயா, இவர் சாமான் கட்டத்தான் அந்தப் பெட்டியை வச்சிருக்கீங்கன்னு அண்ணன் பயந்துட்டார்."

முதலாளிக்குக் கோபம் வந்துடுச்சு.

"இவன்ர சாமானோ? இவனுக்குச் சரிவராட்டி, நாளைக்கு மெசினைக் கட்டித் திருப்பி அனுப்பத்தான் பெட்டியை வச்சிருந்தனான்."