தூணுக்கு இந்தப் பக்கம்

செபமாலை எடுத்த கல்யாண வீடியோவில் சுதாகரன் விழுந்துவிட்டான். படத்தில் விழக்கூடாத ஆள்.

“தூணுக்கு இந்தப் பக்கம் நில், படம் தூணோடை முடியும் எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்?”

“அது பழைய கமெராவுக்கு. இது அகலப் படமெல்லே எடுக்குது. நான் பொம்பிளையின்ரை முகத்தைப் பாத்தனே, ஓரத்தைப் பாத்தனே?”

செபமாலை எரிந்து விழுந்தார். மனிசன் கமெராவை மாற்றினார், கண்ணை மாற்றவில்லை.

கடல் கடந்த பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோப் பகுதியில் அவருடைய அறை. கணினித் திரையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் கேக் வெட்டுகிறார்கள். இடது ஓரத்தில், தூணுக்கு அப்பால், ரோல்ஸ் தட்டோடு சுதாகரன் பல் தெரியச் சிரிக்கிறான்.

வன்னியில் அவன் அம்மா, மகன் கடைசிச் சண்டையில் செத்துப்போனான் என்று ஆமிக்காரருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் ஆமி தேடி வந்து வீட்டுப் படலையைத் தட்டுவது நின்றது. செத்தவன் பலெர்மோவில் ரோல்ஸ் பரிமாறினால்?

“அழியுங்கோ அண்ணை!”

“இதிலை அழிக்கலாம். டிஸ்க் எல்லாத்தையும் காலமை றோஸ்மேரி கொண்டுபோயிட்டா.”



றோஸ்மேரி, பொம்பிளையின் தாய். கல்யாணத்துக்கென்று, அவன் அம்மா இருக்கிற அதே கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். நாளைக்குத் திரும்புகிறார். போனதும் முற்றத்தில் ரீவியை வைத்து ஊருக்கே படம் காட்டுவார். ஊர் என்றால், ஆமிக்குக் கதை கொண்டுபோகிறவனும் வருவான்.

“கேட்டு வாங்குங்கோவன்.”

“ஏனெண்டு கேப்பா. சொன்னால் சந்தியிலை ஸ்பீக்கர் கட்டின மாதிரி. மண்டபத்திலை பாத்தனிதானே, அந்த வாய் ஒருக்காலாவது மூடினதே?”

படியில் செருப்புச் சத்தம். கதவு தடாரென்று திறந்தது. றோஸ்மேரியேதான். டிஸ்க் பையை மேசையில் போட்டார்.

“என்ன படம் அண்ணை எடுத்திருக்கிறியள்? நான் நிக்கிற வீட்டுப் பழைய பெட்டி ரீவியிலை போட்டால் என்ரை பிள்ளை முருங்கைக்காய் மாதிரி இழுபட்டு நிக்கிறாள்!”

சுதாகரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இப்ப எல்லாம் அகலப் படம்தான், றோஸ்மேரி.”

“உங்கடை அகலம் ஆருக்கு வேணும்? ஊரிலை எங்களுக்குப் பெட்டி ரீவிதான். ரெண்டு பக்கத்தையும் வெட்டுங்கோ. இப்பவே.”

“பாதிச் சனம் போயிடும்.”

“போகட்டும். சனத்தையே நான் பெத்தனான்? பிள்ளை தெரிஞ்சால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்.”

என்ன பெருமை பிடித்த மனிசி என்று சுதாகரன் நினைத்தான். ஆனால் அந்தப் பெருமையில்தான் இப்போது அவன் வீடு தொங்கிக்கொண்டிருந்தது.

செபமாலை புறுபுறுத்துக்கொண்டே வெட்டினார்.

“முதல்லையிருந்து காட்டுங்கோ,” என்றார் றோஸ்மேரி.

“நம்பிக்கை இல்லையே?”

“இல்லை.”

கேக் வெட்டுகிற இடம் வந்தது. சுதாகரன் கடைக்கண்ணால் பார்த்தான். படம் தூணோடு முடிந்தது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தான். றோஸ்மேரி மகளைப் பார்க்கவில்லை. அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ம். இது காணும். பழசெல்லாத்தையும் உடைச்சுப் போடுங்கோ.”

புது டிஸ்க்குகள் எழுதி முடியும்வரை நின்று, வாங்கிப் பையில் வைத்தார். வாசலில் திரும்பினார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

“தம்பி, அம்மாவுக்கு ஏதும் குடுத்துவிடுறதெண்டால் பின்னேரம் கொண்டு வாரும். ஆர் தந்ததெண்டு அவவின்ரை காதுக்கு மட்டும் சொல்லுவன்.”

அவன் அவரிடம் தன் பெயரைக்கூடச் சொன்னதில்லை.

செருப்புச் சத்தம் கீழே போய் ஓய்ந்தது. செபமாலை தலையைச் சொறிந்தார்.

“அவ நிக்கிற வீட்டிலை பெட்டி ரீவி ஏதடா? அகல ரீவியெல்லே. நான்தானே கொண்டுபோய்ச் சுவரிலை பூட்டினனான்!”



அவனைத் திரும்பவும் செத்தவனாக்கிக் காப்பாற்றிவிட்டுப் போனது, வாயே மூடாத அந்த றோஸ்மேரி.