சவரியம்மாள் வீட்டுப் பானை

ஒரு குடும்பத்தின் மானம் பத்துப் பைசா. அந்த விலைக்கு வாங்கிய தபால் கார்டு ஒன்றைத்தான் ஏட்டு நஞ்சப்பன் வாசலில் நின்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“‘இண்டூர் சவரியம்மாள் வீட்டில் முளைகட்டிய ராகியில் சாராயம் காய்ச்சுகிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் பெரிய மண்பானை, வாயில் வெள்ளைத் துணி. இருபத்து நாலாம் தேதி காலை பதினோரு மணிக்கு வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.’ கீழ பேரும் இல்ல, ஊரும் இல்ல. மொட்டைக் கடுதாசி.”

கார்டைத் திருப்பிக் காட்டினார். எழுத்தெல்லாம் கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது.

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த அன்னபாக்கியத்தின் முகம் சுண்டிப்போயிற்று. மகனுக்கு மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில்வே வேலை. அவனுக்காக சவரியம்மாளின் மகள் லூர்துவைப் பெண் பார்க்கப் புருஷனோடு வந்திருந்தாள். இருவர் முன்னாலும் டம்ளரில் கிறிஸ்துமஸ் பானம் அரை மணி நேரமாக ஆறிக்கொண்டிருந்தது.

பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் அன்னபாக்கியம் டம்ளரைத் தொடவில்லை. மூக்கால் மட்டும் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. சவரியம்மாளின் புருஷன் சூசை காய்ச்சிய சரக்கு தீர்த்தமலை வரைக்கும் பேர்போனது. அவன் செத்து ஆறு வருஷம் ஆகியும் பேர் மட்டும் சாகவில்லை. ஏற்கெனவே இரண்டு வரன்கள் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தன.

“வாசம் அடிக்கறப்பவே நெனச்சேன்.” அன்னபாக்கியம் புருஷன் காதில் சொன்னது தெருவுக்கே கேட்டது. “எந்திரிங்க, பன்னண்டு மணி பஸ்ஸப் புடிச்சிரலாம்.”

“பெரியவங்க கொஞ்சம் உக்காருங்க,” என்றார் ஏட்டு. “வெளியூரு ஆளு சாட்சிக்கு வேணும்.”

லூர்து சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதாள். வேலிக்கு அந்தப் பக்கம் சின்னம்மாளின் தலை தெரிந்தது. தன் மகனுக்கு லூர்துவைக் கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிப் போனவள். எல்லார் கண்ணும் ஒரு தடவை அங்கே போய்த் திரும்பின.

“இதுல என்னம்மா போட்ட?” ஏட்டு பானையின் துணியை அவிழ்த்தார்.

“ராகிய முளகட்டி, அரைச்சுப் புழிஞ்ச பாலுங்க. அதுகூடத் தேங்காப்பாலு, வெல்லம், சுக்கு, கிராம்பு, ஒரு துண்டு ஜாதிக்கா. அடுப்புல வெச்சுத் துழாவி எறக்குனது. சாமியார் பங்களாவுல நான் சமைக்கறப்ப, வெள்ளக்காரச் சாமி மாட்டுப்பாலும் முட்டையும் அடிச்சு ஊத்தச் சொல்லுவாரு. இந்த வருசம் ரெண்டும் சேக்கலீங்க.”

“ஏன்?”

“பாலு புளிச்சா அந்த வாசத்துக்கே ஊரு கூடிருமுங்க. முட்ட எல்லாருக்கும் ஆவாதுங்க.”

“நல்ல வேள,” என்றார் ஏட்டு. “நாங்க லிங்காயத்து, முட்ட தொட மாட்டோம்.”

ஏட்டு ஒரு கரண்டி மொண்டு அடுப்புத் தணலில் ஊற்றினார். சாராயமாக இருந்தால் குப்பென்று பற்றியிருக்கும். புஸ்ஸென்று சாம்பல்தான் பறந்தது.

மோந்து பார்த்தார். நாக்கில் ஒரு சொட்டு விட்டார். பிறகு ஒரு டம்ளர். விசாரணையில் குறை இருக்கக் கூடாதே என்று இன்னொரு டம்ளர்.

“இதுல சாராயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.” மீசையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தில் நாலு வரி எழுதினார். “ஐயா, சாட்சின்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

அன்னபாக்கியத்தின் புருஷன் பேனாவை வாங்கி யோசித்தார். “குடிச்சுப் பாக்காம எப்படிங்க கையெழுத்துப் போடறது?”

நியாயமான கேள்வி. டம்ளரை எடுத்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் அண்ணாந்து குடித்தார். “ஏ அன்னம், நீயும் குடிச்சுப் பாரு. தேனாட்டம் இருக்குது!”

அன்னபாக்கியம் ஒரு வாய் குடித்தாள். அப்புறம் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

“பச்சப்புள்ளைக்குக் குடுக்கலாம், இதப் போயி...” வேலிப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “எவ எழுதுனாளோ, அவ கையில புழு வெக்க!”

“அப்பிடிச் சொல்லாதீங்க சம்பந்தியம்மா.” சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். “எழுதுன கை நல்லா இருக்கட்டும்.”

அன்னபாக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா? விரோதிக்கும் ஆசீர்வாதம்! இதான் வேதக்கார வூடு!” தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி லூர்துவின் கழுத்தில் போட்டாள்.

தேதி குறித்துவிட்டு அவர்கள் பஸ் ஏறினார்கள். ஏட்டும் சைக்கிளை மிதித்துப் போனார். சின்னம்மாளின் தலை மட்டும் வேலி மேல் அப்படியே இருந்தது.

லூர்து பானையை எட்டிப் பார்த்தாள். “அம்மா, அடியில ஏழெட்டு டம்ளர் தேறும். அந்தப் பொம்பள தலையில கொட்டிட்டுப் பானையக் கழுவிரட்டுமா?”

“கொட்டிராதடி!” சவரியம்மாள் ஓடிவந்து பானையின் வாயைத் துணியால் கட்டினாள். “மூணு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கார்டு போட்டேன், ஒண்ணுலருந்துதான் வந்திருக்காங்க. இன்னும் ரெண்டு பாக்கி.”