பதினேழாவது அப்பளம்

"இன்னும் ஒரு அப்பளம்!" என்றான் ஜாஃபர். அது பதினான்காவது.

எதிரே உட்கார்ந்திருந்த நண்பன் முஆத் தலையில் கை வைத்துக்கொண்டான். "டேய், போட்டியா வச்சிருக்காங்க? வயிறு வெடிச்சிடும் லா!"

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் நாகூர் கனியின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மதிய நேரம், நிற்க இடமில்லை. இலையில் சோறு ஆறிக் கிடந்தது. ஜாஃபரோ அப்பளத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், முகம் தொங்கிப்போய்த் தின்றான்.

"அதுல ஒண்ணுல நான் எழுதியிருக்கேன்டா" என்றான் ரகசியமாக.

முஆதுக்கு இதெல்லாம் பழக்கம்தான். ஜாஃபருக்கு எழுத்துக் கிறுக்கு. மங்குஸ்தான் ஓட்டில் எழுதுவான், மீன் செதிலில் எழுதுவான், பரோட்டாமேல் கெட்டிப்பாலை ஊற்றி எழுதுவான். இந்தக் கடையின் கரும்பலகையில் தினமும் காலையில் மெனு எழுதிக் கொடுப்பதும் அவன்தான். தமிழ்ப்பற்று என்று நாகூர் கனி நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். உள்ளே அப்பளம் பொரிப்பது அவர் மகள் உம்மு சல்மா.

"என்னடா எழுதின?"

"'சம்மதமா? ஜாஃபர்'னு. சீனித் தண்ணியில. காய்ஞ்சா ஒண்ணும் தெரியாது. எண்ணெயில போட்டதும் சீனி சிவந்து எழுத்து எழும்பி வரும். இது சரியா வர்றதுக்குள்ள நாப்பது அப்பளம் வீணாப்போச்சு. காலையில போர்டு எழுத வந்தப்ப டப்பாவுல மேலாப்புல வச்சேன். யாரோ கலைச்சிட்டாங்க போல."

"வாயால கேட்டிருக்கலாமே?"

"வாய் வந்தா நான் ஏன்டா அப்பளத்துல எழுதுறேன்?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தெம்பனிஸிலிருந்து சல்மாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். இன்று விட்டால் அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசைக்கு ஒரு அப்பளம் போனது. ஜாஃபர் பாய்ந்தான். "ஆண்ட்டி, கடிக்காதீங்க! கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க!"

"ஐயோ, என்ன தம்பி, பல்லி விழுந்துடுச்சா?" அந்த அம்மாள் அலறியதில் நாலு மேசை திரும்பிப் பார்த்தது. அதிலும் எழுத்து இல்லை.

பதினைந்தாவதை சல்மாவே கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜாஃபர் குனிந்து அப்பளத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

சும்மா இருக்க முடியாமல் முஆத் கேட்டான். "நீங்க சாப்பிட்டாச்சா?"

"காலையில பசியாறினதுதான். கொஞ்சம் இனிப்பா சாப்பிட்டேன், இன்னும் பசிக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதிலும் எழுத்து இல்லை, பதினாறிலும் இல்லை. பதினேழு வந்தது. ஜாஃபர் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துவிட்டுத் திறந்து பார்த்தான். நிலா மாதிரி வட்டமாக, வெறுமையாக இருந்தது.

"யார் வயித்துக்குள்ளயோ போயிடுச்சுடா!" அவன் அழாத குறைதான். முஆதுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நிமிர்ந்தால் சல்மா நின்றாள். கையிலிருந்த அப்பள டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். காலி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

"எழுத்து ரொம்ப அழகு, சீனிதான் கொஞ்சம் கூட. வாப்பா கல்லாவுலதான் இருக்காங்க, போய்க் கேளுங்க!"