ஆறு நாள் மின்னினேன்

நான் ஒரு மின்மினி. தினமும் இருட்டியதும் ஒரு செயற்கைக்கோள் பளிச்சிட்டு, மங்கி, மறுபடி பளிச்சிட்டபடி வானத்தைக் கடக்கும். யாரோ ஒரு பெண் மின்மினி எனக்குத்தான் சைகை காட்டுகிறாள் என்று நம்பி ஆறு நாள் பதிலுக்கு மின்னினேன். எங்கள் ஆயுளே இருபது நாள்தான்.

"அது பழுதாகிச் சுழலுதுப்பா. வெயில் படுற பக்கம் திரும்பும்போது மின்னுது. சந்தேகம்னா இன்னைக்கு நீ மின்னாம இருந்து பாரு," என்றது சில்வண்டு.

விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். வழக்கம்போல எட்டு எண்ணுவதற்குள் ஒருமுறை பளிச்சிட்டது.

"இப்பவாவது புரியுதா?"

"நல்லாப் புரியுது. நான் பேசலேன்னாலும் அவ என்னை விடமாட்டா!"

கீழே புல்லில் எனக்காகவே ஆறு நாளாக ஒருத்தி மின்னியதையும், நான் அணைந்ததும் அவள் பறந்துபோனதையும் சில்வண்டு பிறகுதான் சொன்னது.