ரெண்டு பேர் ஒரே நேரத்துல

"அடுத்தவ அக்கவுண்ட்டுக்குள்ள நுழைஞ்சிருக்கா. இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

டெம்பேங்கிற சோயா வறுவலைக் கடிச்சுக்கிட்டே கேட்டார் பாக் சுதார்மோ. எங்க காலேஜ் கம்ப்யூட்டர் சென்டருக்குத் தலைவர். எங்க ஊர்ல 'பாக்'னா ஐயா, 'இபு'ன்னா அம்மா, 'மாஸ்'னா அண்ணன்.

டீன் ரூம்ல அவருக்கு எதிர்ல கினாந்தி தலையைக் குனிஞ்சு நின்னா. வகுப்புகளுக்கு ஆன்லைன்ல பதிவு பண்ண அன்னிக்கு, லாரஸ்ங்கிற மாணவியோட வெப் பக்கத்துல 'சேமி' பட்டனை அழுத்தினது கினாந்தியோட லேப்டாப். புகார் கொடுத்த லாரஸும் அங்கதான் உட்கார்ந்திருந்தா.

ஒரு செமஸ்டர் சஸ்பெண்ட் பண்ணா கினாந்திக்கு ஸ்காலர்ஷிப் போயிடும். ஸ்காலர்ஷிப் போனா படிப்பே போயிடும்.

அவளுக்காகப் பேச வந்தவன் நான்.

"அவ நுழையல பாக். உங்க சைட்டுதான் அவளை உள்ள தள்ளிவிட்டுச்சு."

"நானே டெஸ்ட் பண்ணேன்டா. எல்லாம் கரெக்ட்டா இருந்துச்சு."

"எத்தனை பேர் பண்ணீங்க?"

"நான் ஒருத்தன்தான். ஏன், நான் பத்தாதா?"

"அன்னிக்கு வந்தது நாலாயிரம் பேர் பாக்!"

"விடு மாஸ்"னு கினாந்தி முணுமுணுத்தா. நான் விடல.

டீன் இபு ரெத்னோ கையைத் தூக்கினாங்க. "சத்ரியோ, கத்தாம, எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"இபு, ஜாவாங்கிற கம்ப்யூட்டர் மொழில எழுதின இந்த சைட்ல வர்ற எல்லாரையும் கவனிக்கிறது கன்ட்ரோலர்ங்கிற ஒரே ஒரு புரோகிராம். அதுவும் ஒரே சமயத்துல பல பேரைக் கவனிக்கும். அதனால யார் பேரையும் அது தனக்குள்ள வெச்சுக்கவே கூடாது. இவர் வெச்சுக்கற மாதிரி எழுதியிருக்கார். கினாந்தி பேரை எழுதிட்டு அவ பக்கத்தைக் கொடுக்கறதுக்குள்ள லாரஸ் வந்தா, அதே இடத்துல லாரஸ் பேர் விழுந்துடும். கினாந்திக்கு லாரஸ் பக்கம் வந்து நிக்கும்."

"கூட்டம் தாங்கத்தான் புதுசா ரெண்டு சர்வர் போட்டோமே!"

"வாசலை அகலமாக்கிட்டீங்க பாக். உள்ள நாற்காலி ஒண்ணுதானே கிடக்கு?"

"வாய் மட்டும் நல்லா நீளம் இவனுக்கு."

"வாய் வேணாம். கண்ணாலயே பாருங்க."

லாரஸை அவ போன்ல தன் பக்கத்தைத் திறக்கற பட்டனை அழுத்தச் சொன்னேன். அதே நேரத்துல நான் என் போன்ல அழுத்தினேன். ஒண்ணும் ஆகல. பாக் சுதார்மோ சிரிச்சார். திரும்பத் திரும்ப அழுத்தினோம்.

திடீர்னு என் போன்ல லாரஸோட போட்டோ வந்துச்சு. அவ பேரு, அவ எடுத்த பாடம், எல்லாம்.

பாக் சுதார்மோ மெல்றதை நிறுத்தினார்.

"சரி, பக்கம் தானா வந்துச்சு. ஒத்துக்கறேன்." டீன் கினாந்தி பக்கம் திரும்பினாங்க. "ஆனா 'சேமி'யை அழுத்தினது நீதானேம்மா? எதுக்கு?"

அது எனக்கே தெரியாது.

"லேப் வகுப்புல ஒரு இடம்தான் மிச்சம் இருந்துச்சு இபு. எனக்கும் அது வேணும். ஆனா என் பக்கம் எங்க போச்சுன்னே தெரியல. அவ பக்கம்தான் என் கையில இருந்துச்சு. அதுல அவளும் அதே வகுப்பைக் கேட்டிருந்தா. மூடிட்டா அவளுக்கும் கிடைக்காம போயிடுமேன்னு அவ பேருக்கே சேமிச்சுட்டேன்."

"அப்ப உனக்கு?"

"கிடைக்கல இபு."



டீன் லாரஸைப் பார்த்தாங்க. "உன் அனுமதி இல்லாம அழுத்தினாங்கிறதுதான் இப்ப பாக்கி இருக்கிற தப்பு. எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், இவளை விட்டுடலாம். என்னம்மா சொல்ற?"

லாரஸ் யோசிக்கவே இல்ல.

"புகார் புகார்தான் இபு. நீங்க எடுக்கற நடவடிக்கையை எடுங்க. அந்த லேப் இடத்தை மட்டும் கேன்சல் பண்ணிடாதீங்க."